பெருவிரலில் திரும்பி வந்த ரேகை

பிஸ்மில்லாஹ்
ஸ்ரீவில்லிபுத்தூர்
ஞாயிறு, அஸர் தொழுத பிறகு

அன்பு மகன் நிஜாமுக்கு உன் அம்மா ஃபஸீலா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும், ராஜபாளையத்தில் உன் வீட்டுக்காரி இர்ஃபானாவும், பிள்ளை நஸ்ரினும் அல்லாஹ் வைத்தபடி சுகம். சார்ஜாவில் உன் உடம்பும் மனசும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்துகிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இவள் எதற்குக் கடுதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். நான் இந்தப் பேச்சை எடுத்தாலே உனக்கு டவர் போய்விடுகிறது. கடுதாசிக்கு டவர் வேண்டாம். சாகுல் ஹமீது மாமா மகன் லீவு முடிந்து புதன்கிழமை விமானம் ஏறுகிறான், அவன் பெட்டியில் பால்கோவாவோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும், நிதானமாகப் படி. இந்த மாதக் கடைசியில் இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கம்பெனியில் கையெழுத்துப் போடப்போகிறேன், அம்மாவுக்கு நாற்பது லட்சம் சேர்த்து வைத்துவிட்டுத்தான் ஊருக்கு வருவேன் என்று சொன்னாய் அல்லவா, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். முழுசாகப் படித்த பிறகு பேனாவைத் தொடு.

உனக்குப் பழக்கமான அந்தச் சென்னைத் தம்பி, வயசான காலத்துக்குப் பணம் சேர்க்க வழி சொல்கிறவர், என் இத்தா முடிந்த மறுவாரம் வீடியோவில் பேசினாரே, நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். நான் வேலைக்குப் போகாமல் இருந்தால் மாதம் என்ன செலவாகும், மருந்துக்கு என்ன, கரண்டுக்கு என்ன என்று பொறுமையாகக் கேட்டார். இன்றைக்கு ஒரு டீ என்ன விலை, நான் கிழவியாகும்போது அதே டீ என்ன விலை என்று கூடச் சொன்னார், எனக்கு வாய் பிளந்துவிட்டது. பிறகு, ஒரு பேச்சுக்கு எண்பத்தஞ்சு வயசு வரைக்கும்னு வச்சுக்கலாமாம்மா என்றார். அது நானும் நீங்களும் வைக்கிறது இல்லையே தம்பி, வைக்கிறவன் வேற என்றேன். சிரித்துக்கொண்டே கணக்கு மிஷினைத் தட்டி, நாற்பது லட்சம் என்றார். போனை வைத்த பிறகும் அந்தத் தொகை காதுக்குள்ளேயே நின்றது. பயமாக இல்லை நிஜாம், மலைப்பாகத்தான் இருந்தது. பால்கோவா பட்டறையில் வாணலி தேய்க்கிற ஒரு பொம்பளை இனிமேல் குடிக்கப்போகிற டீயைக்கூட ஒருத்தர் உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறாரே என்று இருந்தது. அந்த மலைப்பில்தான் யோசித்தேன், வேலை இல்லாமல் இருக்க முடியுமா என்று இவர்கள் கேட்கிறார்கள், நான் இப்போதுதானே இருந்து முடித்தேன்.

உங்க அத்தா மௌத்தான அன்றைக்கு இத்தாவில் உட்கார்ந்தவள், நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டவில்லை. நீ மூன்றாம் நாள் வந்து மண்ணைத்தான் பார்த்தாய், ஒரு வாரத்தில் போய்விட்டாய். அதன் பிறகு இந்த வீட்டில் நானும் சுவரும்தான். கல்யாணம் ஆனதிலிருந்து நான் சும்மா இருந்த நாளே கிடையாது, உன்னைப் பெற்ற நாற்பது நாளிலேயே வாணலி தேய்க்க நார் உரித்தவள். இத்தாவில்தான் கை சும்மா இருந்தது. அந்த மாதங்களில் என்ன வந்தது என்ன போனது என்று திரும்பிப் பார்த்தேன். மில் பென்ஷன் இருக்கிறதே, அவருக்கு வந்ததில் பாதி எனக்கு என்று எழுதிக்கொடுக்க இர்ஃபானா நாலு தடவை மதுரைக்கு அலைந்தாள், அந்தப் பிள்ளைக்கு நான் என்ன செய்யப் போகிறேனோ. முதல் தடவை போன் டிங்கென்று சத்தம் போட்டு, மாமி பணம் வந்திருச்சு என்று அவள் படித்துக் காட்டினபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஆயிரத்து சொச்சம்தான். ஆனாலும் யோசித்துப் பார் ராசா, மண்ணுக்குள் இருக்கிற மனுஷன் மாதம் பிறந்தால் எனக்குப் பணம் அனுப்புகிறார். இருந்த காலத்தில் சம்பளக் கவரை என் கையில் கொடுத்துவிட்டு, டீ குடிக்கப் பத்து ரூபா தா ஃபஸீலா என்று என்னிடமே கேட்டு வாங்கிப்போவார். அந்தப் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், சிரிக்காதே.

அடுத்தது முன்னறை வாடகை. மில்லை விட்டு வந்தபோது கிடைத்த பிஎஃப் பணத்தைப் பாங்கில் போட்டால் வட்டி வரும் என்று எல்லாரும் சொன்னார்கள், வட்டி நமக்கு வேண்டாம் என்று உங்க அத்தா முன்சுவரை இடித்து ஷட்டர் போட்டு ஒரு கடை அறை கட்டினார், உனக்கு ஞாபகம் இருக்கும். ஜரீனா மாமி அப்போது தன் அண்ணனைப் பிடித்து, இந்தச் சந்துக்குள்ள எவண்ணே கடை வைப்பான், பூனை வந்து வாடகை குடுக்குமா என்று கேட்டதற்கு, பூனை குடுத்தாலும் வாங்கிக்கிருவேன் என்று சொல்லிவிட்டு கொத்தனாருக்குத் தண்ணீர் தூக்கினார். அதில்தான் இப்போது சதீஷ் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். மாதா மாதம் ஐந்தாம் தேதி வாசலில் நின்று, அம்மா, பூனை வந்திருக்கேன் என்று குரல் கொடுத்து மூவாயிரத்து ஐந்நூறு நீட்டுகிறான், அந்தக் கதை அவனுக்கும் தெரிந்துபோச்சு. காலையில் அவன் ஷட்டரைத் தூக்குகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர்தான் கதவைத் திறக்கிறார் என்று ஒரு நிமிஷம் நெஞ்சு நம்பிவிடுகிறது. நாற்பது லட்சம் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. தான் போன பிறகு இவளுக்குச் சோறு எந்த வழியில் வரும் என்று சுவரைப் பார்த்துக்கொண்டே யோசித்திருக்கிறார் போல. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நான் சாமான் வைக்க இடம் போச்சே என்று சண்டை போட்டேன்.

ஆக இரண்டும் சேர்த்து வந்ததில், இத்தா மாதங்களின் செலவு போகக் கையில் மிச்சம் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பது லட்சமும் வேண்டாம் நாலு லட்சமும் வேண்டாம், என் மகன் நாளைக்கே கிளம்பி வரலாம் என்று ஜரீனா மாமியிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், கையை உதறிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். மச்சி, நீங்க இருந்தது இத்தா, தெரியும்ல. மொத நாப்பது நாளும் எங்க வீட்டுச் சோறு, பொறவு அரிசி எங்க கார்டுல வாங்குனது. பஸ்சுல ஏறல, ஒரு செருப்பு தேயல. இந்த நாலு மாசத்துல எம்புட்டு கல்யாணம் நடந்துச்சு, ஒரு எடத்துலயாச்சும் செய்முறை செஞ்சீகளா? இத்தாவுல இருக்குறவக வாசல்ல எவன் பத்திரிக்கை வைப்பான்? இனிமே பாருங்க, வரிசை கட்டி வருவாக என்றாள். சொன்ன வாய்க்குச் சர்க்கரை போடணும், மறுநாளே மூன்று பத்திரிக்கை வந்தது, தேவதானத்தில் ஒரு கல்யாணம், வத்திராயிருப்பில் ஒரு கல்யாணம், நம் தெருவிலேயே ஒரு காதுகுத்து. உனக்கு நிக்காஹ் செய்தபோது வந்து நிறைந்தவர்கள் எல்லாரும், மொய் இல்லாமல் எப்படிச் சும்மா கையை வீசிக்கொண்டு போவது. சென்னைத் தம்பி கேட்ட கேள்விகளில் செய்முறை இல்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அரிசியும் செய்முறையும் கூட்டிப் பார்த்தால் மிச்சம் போய் துண்டு விழுந்தது. என் மகன் சொன்னதுதான் சரியோ, ஐந்து வருஷம் பிள்ளையை விட்டு அங்கேயே கிடக்கட்டுமோ என்று மனசு சுருங்கிப்போச்சு. இரண்டு நாள் உன்னிடம் சரியாகப் பேசவில்லை, பல்வலி என்று சொன்னேனே, பல்வலி இல்லை.

இப்போது ரேசன் கடைக் கதைக்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் மனசு துடிக்கிறது. உனக்குத் தெரியும், அந்தக் கைரேகை மிஷின் என் விரலைச் சேர்த்ததே இல்லை. பால் காந்தி அடிப்பிடித்த வாணலியை நாரும் செங்கல் பொடியும் போட்டு எத்தனை வருஷம் தேய்த்தது, விரல் நுனியெல்லாம் கூழாங்கல் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. கடைக்காரர் சோலைச்சாமி ஒவ்வொரு விரலாக வைக்கச் சொல்வார், பத்தும் முடிந்ததும், பாயம்மா இனி கால் வெரலுதான் பாக்கி என்பார், வரிசையே சிரிக்கும். அதனால் எப்போதும் உங்க அத்தாதான் போய் விரல் வைத்து வாங்கி வருவார். அவர் போனதும் ஆயிரம் நினைப்புக்கு நடுவில் இதுவும் ஒரு நினைப்பு, கார்டில் இருப்பது இரண்டு பேர், ஒரு விரல் மண்ணுக்குள் போய்விட்டது, இன்னொன்றில் ரேகை இல்லை. ஜரீனா மாமி அரிசி என்று சொன்னதும் அந்தக் கவலைதான் முன்னால் வந்து நின்றது. மிஷின் சேர்க்காவிட்டால் வேறு வழி இருக்கிறதாம், அதிகாரியிடம் எழுதிக்கொடுத்து அலைய வேண்டுமாம். எதற்கும் ஒரு தடவை போய்ப் பார்ப்போம் என்று பையை எடுத்துக்கொண்டு போனேன். இத்தா முடிந்து அந்தக் கடைக்குப் போகிற முதல் தடவை. பார்த்ததும் சோலைச்சாமி எழுந்து நின்று, பாய் நல்ல மனுசன் என்றார். விரலைச் சேலையில் துடைத்துவிட்டு, இது எங்கே சேரப்போகிறது என்ற நினைப்பில்தான் வைத்தேன். வைத்ததுதான் தெரியும், மிஷின் சத்தம் போட்டு சீட்டைத் துப்பிவிட்டது. சோலைச்சாமி சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏ பாயம்மா, வெரலு புதுசா வாங்கிட்டீகளா, எந்தக் கடையில என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிக்க வரவில்லை. வெயிலில் வந்து நின்று பெருவிரலைப் பார்த்தேன் நிஜாம். கோடு கோடாக, சுழித்துச் சுழித்து, புதுசாக உழவு ஓட்டின வயல் மாதிரி ரேகை. சுப்ஹானல்லாஹ் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

பிறகுதான் ஞாபகம் வந்தது, இத்தாவில் தஸ்பீஹ் உருட்டும்போது மணியில் இருக்கிற சின்ன வெட்டெல்லாம் விரலுக்குத் தெரிந்தது, அத்தாவின் சட்டையை மடித்து வைத்தபோது நூல் தனித்தனியாகத் தெரிந்தது. துக்கத்தில் அப்படித்தான் இருக்கும் போல என்று விட்டுவிட்டேன். தோல் வளர்ந்தால் ரேகையும் வந்திரும் மாமி, இதுல என்ன அதிசயம் என்கிறாள் இர்ஃபானா. படித்த பிள்ளை, சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் எனக்கு அதிசயம்தான். அத்தனை வருஷம் தேய்த்து அழித்த கோடுகளை, நான் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில், நான் கேட்காமலேயே ஒருத்தன் உள்ளே இருந்து திரும்ப எழுதியிருக்கிறான். அதுவும் போன தடவை எப்படி எழுதினானோ அதே மாதிரி. இல்லாவிட்டால் மிஷினுக்கு எப்படி அடையாளம் தெரியும். அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது பாரமே தெரியவில்லை. பென்ஷனுக்கு உயிரோடு இருக்கிறேன் என்று வருஷா வருஷம் விரல் வைத்துக் காட்ட வேண்டுமாமே, தபால்காரர் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொண்டார், அதிலும் சேர்ந்தது.

அரிசிக்கு வழி பிறந்தது, செய்முறைக்கு என்ன செய்வது என்று பட்டறைக்குப் போனேன். வாணலிக்குத் திரும்பக் கையைக் கொடுக்க மனசு இல்லை, கொடுத்தால் ஒரே மாதத்தில் ரேகை போய்விடும். ராஜரத்தினம் அண்ணாச்சியிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் என் விரலைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, வாணலி வேண்டாம் பாயம்மா, காலையில மட்டும் வந்து ஒக்காந்து எடை போட்டுப் பொட்டலம் கட்டுங்க, கூலி பாதிதான் என்றார். போதும் அண்ணாச்சி என்றேன். நம்ம மாடத்தி அந்தப் பக்கம் வாணலிக்குள் தலையை விட்டபடியே, ரேகைய காப்பாத்துற மகாராணி வந்துட்டாகடி, வழி விடுங்க என்று சத்தம் போட்டாள். அவள் விரலைப் பிடித்துப் பார்த்தேன், என் விரல் முன்னால் இருந்த மாதிரியேதான் வழவழவென்று இருக்கிறது. மனசு கஷ்டமாகிவிட்டது. நீயும் நாலு மாசம் சும்மா இருந்து பாரு மாடத்தி என்றேன், அதுக்கு எம் புருசன்ல சாகணும்க்கா, அந்தாளு குத்துக்கல்லாட்டம் இருக்காரு என்றாள். இருவரும் சிரித்து அழுதோம். அந்தப் பாதிக் கூலி செய்முறைக்குச் சரியாகப் போகிறது, கொஞ்சம் கைக்கும் நிற்கிறது. பத்து நாளாகப் போய்வருகிறேன், மூட்டு முன்னைப் போல முணங்கவில்லை.

ஆனால் சென்னைத் தம்பி சொன்ன ஒன்று சரிதான், அதை மறைக்க மாட்டேன். நான் படுத்தால் என்ன என்று கேட்டார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. காப்பீட்டு அட்டை இருக்கிறது, அதில் எல்லாம் அடங்காது என்று அத்தாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன அன்றைக்கே பார்த்தோம். அதனால் உன் சேமிப்பில் ஒரு லட்சம் மட்டும் ஆஸ்பத்திரிக்கு என்று தனியாக இர்ஃபானா பொறுப்பில் வை, அதை யாரும் தொடக்கூடாது, நானும் தொடமாட்டேன். அவ்வளவுதான் எனக்கு உன்னிடம் வேண்டும். மீதிக்கு நான் தயார். எண்பத்தைந்து வரைக்குமா என்று தெரியாது, அன்றன்றைக்குத் தயார். சதீஷிடம் பேச்சுவாக்கில் உன் ஏசி மெக்கானிக் வேலையைச் சொன்னேன். அண்ணன் வரட்டும்மா, கடையில பாதிய ஒதுக்கித் தாரேன், ஏசி போர்டு மாட்டட்டும், இங்கயும் ராஜபாளையத்துலயும் இப்ப ஏசி இல்லாத வீடு எது, ரிப்பேருக்கு ஆளுதான் கெடைக்கல என்கிறான். அங்கே வாங்குகிற சம்பளம் இங்கே வராது, அது எனக்கும் தெரியும், இர்ஃபானாவுக்கும் தெரியும். அவளிடம் கேட்டேன். கொறைச்சலா சம்பாதிக்கிற மனுசன் வீட்டுல இருந்தா போதும் மாமி என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். உங்க அத்தா முப்பது வருஷம் மில் பஸ்ஸில் ராஜபாளையம் போய்ப் போய் வந்தார், ஷிப்ட் முடிந்து சாயந்திரமானால் சந்து முனையில் அவர் இருமுகிற சத்தம் கேட்கும். இன்றைக்கு எனக்கு எத்தனை லட்சம் கொடுத்தாலும் அந்த இருமல் கிடைக்காது. இர்ஃபானாவுக்கு அது கிடைக்கிற தூரத்தில்தான் இருக்கிறது, நீ அதை ஐந்து வருஷம் தள்ளிப் போடாதே.

வேறு விசேஷம், நல்ல மழை, அய்யனார் கோவில் அருவியில் தண்ணீர் கொட்டுகிறதாம், நஸ்ரின் கூட்டிப்போகச் சொல்லி அடம் பிடிக்கிறாள், அத்தா வந்ததும் போகலாம் என்று இர்ஃபானா சொல்லி வைத்திருக்கிறாள், பார்த்துக்கொள். நீ சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, பிரஷர் மாத்திரையை விடாதே, ஏசி ஏணியில் ஏறும்போது பிஸ்மி சொல்லி ஏறு. உங்க அத்தா பெயரில் அங்கே யாருக்காவது ஒரு வேளை சோறு வாங்கிக்கொடு. சாகுல் ஹமீது மாமா மகனிடம் பால்கோவாவை எல்லாருக்கும் பங்கு போடச் சொல், இரண்டு டப்பா நானே எடை போட்டுக் கட்டினது, அதில் ஒரு சிட்டிகை கூடவே இருக்கும், அண்ணாச்சியிடம் சொல்லிவிடாதே. அல்லாஹ் உன் காலடியைக் காத்து, உன் கைக்குப் பரக்கத்தைத் தந்து, உன்னை முகம் வாடாமல் என் வாசலில் கொண்டுவந்து சேர்க்கட்டும். மாதக் கடைசியில் அந்தப் பேப்பர் வரும்போது இந்தக் கடுதாசியைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

கீழே என் பெயருக்குப் பக்கத்தில் பெருவிரல் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடத் தெரிந்தவள் எதற்கு விரல் வைக்கிறாள் என்று கேட்காதே, கோடு எல்லாம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார். மை இல்லை, ஞாயிற்றுக்கிழமை என்று இங்கே வந்திருக்கிற நஸ்ரின்தான் ஸ்கெட்ச் பேனாவால் என் விரலுக்கு ஊதா பூசிவிட்டாள். பூசியதும் நன்னிமா எனக்கும் என்று தன் விரலை நீட்டினாள், அதையும் பக்கத்தில் வைத்தோம். சின்னதாக இருப்பது அவளுடையது. அளந்து வைத்துக்கொள், நீ வரும்போது அது இதே அளவில் இருக்கிற மாதிரி வந்துவிடு.

உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
ஃபஸீலா